கேமரா சென்சாரில் தூசி: கண்டுபிடிப்பது முதல் துடைப்பது வரை

கணினியில் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறீர்கள்; வானத்தில் ஒரு சாம்பல் நிறப் புள்ளி. அடுத்த படத்திலும் அதே இடத்தில் அதே புள்ளி. லென்ஸை மாற்றி எடுத்தாலும் போகவில்லை. அப்படியென்றால், படத்தைப் பதியும் சென்சாரில் தூசி ஏறிவிட்டது. லென்ஸைக் கழற்றி மாட்டும் எல்லாக் கேமராக்களுக்கும் இது என்றாவது நேரும், விலை எவ்வளவு ஆனாலும்.

தூசியால் மட்டும் பாழான சென்சாரை நான் பார்த்ததில்லை. தவறாகத் துடைத்ததால் பாழானவற்றைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இந்த வழிகாட்டி படிப்படியாகச் செல்கிறது. மிக மென்மையான முறையில் தொடங்குங்கள். அது பலிக்காவிட்டால் மட்டும் அடுத்ததற்குப் போங்கள். புள்ளி போனதும் அங்கேயே நிறுத்திவிடுங்கள். இரண்டாம் படியிலேயே வேலை முடிந்துவிடுவதுதான் வழக்கம்.

தூசி எங்கே உட்காருகிறது?

சென்சார் என்று நாம் சொன்னாலும், தூசி சென்சாரைத் தொடுவதே இல்லை. அகச்சிவப்புக் கதிர்களைத் தடுப்பதற்காகவும், சில கேமராக்களில் நுண்ணிய கோடுகளைச் சற்றே மென்மையாக்குவதற்காகவும் சென்சாருக்கு முன்னால் கண்ணாடி ஃபில்டர்களை அடுக்கியிருக்கிறார்கள். அந்த அடுக்கின் வெளிமுகத்தில்தான் தூசி படிகிறது. நாம் துடைப்பதும் அதைத்தான். படத்தில் விழுவது தூசியின் நிழல்.

லென்ஸின் துளை அகலத் திறந்திருக்கும் எஃப்/2.8-இல் கண்ணுக்கே தெரியாத தூசி, துளை சுருங்கிவிடும் எஃப்/16-இல் பளிச்சென்று தெரிவது இதனால்தான். கண்ணாடியின் வெளிமுகத்துக்கும் சென்சாருக்கும் இடையே 2 மில்லிமீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொண்டு ஒரு தோராயக் கணக்குப் போடலாம். எஃப்/2.8-இல், ஒரு பிக்சலை நோக்கி வரும் ஒளிக்கூம்பு அந்தக் கண்ணாடியைக் கடக்கும் இடத்தில் சுமார் 0.7 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். அங்கே 0.05 மில்லிமீட்டர் தூசி மறைப்பது அரை விழுக்காடு ஒளியைத்தான். எஃப்/16-இல் அதே கூம்பு 0.125 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. அதே தூசி இப்போது 16 விழுக்காடு ஒளியை மறைக்கிறது.

பொங்கலின்போது அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டை நாள் முழுக்க எஃப்/4-இல் எடுத்தவர் கண்ணில் ஒரு புள்ளியும் படாது. அடுத்த வாரம் தனுஷ்கோடியில் கடலையும் வானத்தையும் எஃப்/16-இல் எடுக்கும்போது படமெங்கும் புள்ளிகள் முளைத்திருக்கும். கடற்கரை மணலை அவர் குறை சொல்வார். ஆனால் தூசி ஏறியது வாடிவாசலில்.

முதலில் அது சென்சார் தூசிதானா?

வியூஃபைண்டரில் ஒரு கரும்புள்ளி தெரிகிறது, எடுத்த படத்தில் இல்லை என்றால் அது சென்சாரில் இல்லை. டிஎஸ்எல்ஆர் கேமராவில் அது, லென்ஸ் வழி வரும் ஒளியை வியூஃபைண்டருக்குத் திருப்பும் முகம் பார்க்கும் கண்ணாடி (மிரர்) மீதோ, அதற்கு மேலே உள்ள ஃபோகஸ் திரையின் மீதோ இருக்கும். அது படத்தைக் கெடுக்காது. அதை விட்டுவிடுங்கள். இந்தக் கண்ணாடிக்கு வெள்ளிப்பூச்சு முன்பக்கத்திலேயே இருப்பதால், வீட்டுக் கண்ணாடியைத் துடைப்பதுபோல் துடைத்தால் பூச்சே போய்விடும். ஃபோகஸ் திரை மென்மையான பிளாஸ்டிக். விரல் நகம் பட்டாலும் கீறல் விழும். உறுத்தினால் ப்ளோயரால் (கையால் அழுத்திக் காற்றூதும் ரப்பர் குமிழால்) மெல்ல ஊதலாம், அவ்வளவுதான்.

லென்ஸுக்குள் இருக்கும் தூசியைப் பார்த்துப் பலர் கலங்குகிறார்கள். நீட்டிச் சுருக்கும் ஜூம் லென்ஸ்கள் ஒவ்வொரு முறையும் காற்றை உள்ளிழுப்பதால், சில ஆண்டுகளில் உள்ளே துகள்கள் தெரியத்தான் செய்யும். அவை படத்தில் புள்ளியாக விழுவது அரிது. சிலந்தி வலைபோலக் கிளைவிட்டுப் படரும் பூஞ்சைதான் கவலைக்குரியது. அதை வீட்டில் சரிசெய்ய முடியாது.

இன்னொன்றையும் தூசியோடு குழப்பிக்கொள்வார்கள். நீண்ட நேர எக்ஸ்போஷரில் சிவப்பாகவோ பச்சையாகவோ வெள்ளையாகவோ ஒற்றைப் பிக்சல் அளவில் மின்னும் புள்ளி, பழுதான பிக்சல். எவ்வளவு துடைத்தாலும் அது போகாது. தூசி எப்போதும் இருண்டு, விளிம்பு மங்கித் தெரியும்.

சோதனைப் படம் எடுப்பது

கேமராவை அப்பர்ச்சர் முன்னுரிமைக்கு (துளை அளவை மட்டும் நாம் வைக்கும் முறைக்கு) மாற்றி எஃப்/16 வையுங்கள். ஐஎஸ்ஓ 100. எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் கூட்டுங்கள், அதாவது ஒளியை இரு மடங்காக்குங்கள். மடிக்கணினித் திரையில் வெற்று வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, மிக அருகில் கேமராவைக் கொண்டுபோய், ஃபோகஸைக் கையால் முடிவிலிக்குத் திருப்பிவிடுங்கள். திரை மங்கலாகத்தான் தெரிய வேண்டும். ஷட்டர் திறந்திருக்கும்போது கேமராவைச் சற்று ஆட்டுங்கள். திரையின் பிக்சல்களும் அதன்மேல் உள்ள அழுக்கும் கலங்கி மறையும். சென்சாரோடு சேர்ந்தே ஆடும் தூசி மட்டும் அசையாமல் பதியும். மேகமில்லாத வானமும் இதற்குப் போதும், சூரியன் பக்கம் திருப்பாதவரை.

படத்தைக் கணினியில் திறந்து கான்ட்ராஸ்டை மிகையாகக் கூட்டுங்கள். லைட்ரூம் வைத்திருப்பவர்களுக்கு ஹீலிங் கருவியில் விஷுவலைஸ் ஸ்பாட்ஸ் என்றொரு வசதி உண்டு; புள்ளிகளை வெள்ளை வளையங்களாகக் காட்டிவிடும்.

புள்ளி படத்தின் எந்த மூலையில் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். லென்ஸ் உருவத்தைத் தலைகீழாக விழச் செய்வதால் இடம் மாறும். லென்ஸைக் கழற்றிவிட்டு, கேமராவை நேராக நிறுத்தி, முன்னாலிருந்து சென்சாரைப் பார்க்கிறீர்கள் என்றால், மேல் கீழாகும். இடம் வலம் மாறாது. அதாவது படத்தில் மேல் இடது மூலையில் உள்ள புள்ளிக்கான தூசி, உங்கள் கண்ணுக்குச் சென்சாரின் கீழ் இடது மூலையில் இருக்கும். இதை மறந்தால் தூசி இல்லாத மூலையைத் துடைத்துக்கொண்டிருப்பீர்கள்.

எஃப்/22-இல் சோதித்தால் எந்தச் சென்சாரும் அழுக்காகத்தான் தெரியும். சோதனை எதற்கு என்றால், நீங்கள் வழக்கமாக எடுக்கும் எஃப் எண்ணில் புள்ளி படத்தைக் கெடுக்கிறதா என்று அறிவதற்கு. திருமணப் படங்களை எஃப்/2.8-இலும் எஃப்/4-இலும் எடுப்பவர், எஃப்/22 சோதனையில் தெரிந்த நாலு புள்ளிகளுக்காகச் சென்சாரைத் தொட வேண்டியதில்லை. எஃப்/11-இல் எடுத்த சோதனைப் படம் சுத்தமாக இருந்தால் கேமராவை மூடிவிட்டு வேறு வேலையைப் பாருங்கள் என்பேன். நிலக்காட்சி எடுப்பவர்களுக்கும், நெருங்கிப் போய்ப் பூச்சிகளை எடுப்பவர்களுக்கும்தான் இது அடிக்கடி தேவைப்படும்.

முதல் படி: கேமராவையே உதற விடுவது

2003-இல் வந்த ஒலிம்பஸ் இ-1, சென்சாருக்கு முன்னுள்ள கண்ணாடியை மீயொலி அதிர்வெண்ணில் அதிரவைத்துத் தூசியை உதறும் முறையை அறிமுகப்படுத்தியது. கேனான் 2006-இல் 400டி மாடலில் இதைச் சேர்த்தது. இப்போது லென்ஸ் மாற்றும் கேமராக்களில் பெரும்பாலானவற்றில் ஏதாவது ஒரு வடிவில் இந்த வசதி இருக்கிறது.

கேமராவைச் சமமான மேசையில் அடிப்பாகம் கீழே இருக்கும்படி நேராக வையுங்கள். மெனுவில் சென்சார் கிளீனிங் பகுதிக்குப் போய், இப்போதே சுத்தம் செய் என்ற கட்டளையைக் கொடுங்கள். உதிரும் தூசி கீழே விழ வேண்டும் என்பதற்காகத்தான் நேராக வைக்கச் சொல்கிறேன். மூன்று நான்கு முறை செய்துவிட்டு மீண்டும் சோதனைப் படம் எடுங்கள். தொடர்ந்து பலமுறை இயக்கினால் சில கேமராக்கள் உட்சுற்றைக் காப்பதற்காக அந்த வசதியைச் சற்று நேரம் நிறுத்திவைக்கும், பொறுத்திருந்து தொடரலாம்.

உலர்ந்த, லேசான தூசி இதில் போகும். ஒட்டிக்கொண்ட மகரந்தமும் எண்ணெய்த் துளியும் போகாது.

இரண்டாம் படி: ப்ளோயர்

அதிக முறை உதவப்போவது இதுதான். நல்ல கனமான ரப்பர் ப்ளோயர் ஒன்று வாங்குங்கள். பின்புறத்தில் காற்று புகும் வால்வு தனியாக உள்ளதாக இருக்கட்டும். அப்போதுதான் சென்சாரிலிருந்து கிளம்பிய தூசியை மூக்கு வழியாகவே மீண்டும் உறிஞ்சி, மறுபடி உள்ளேயே துப்பாது. மருந்துக்கடையில் காதுக்கு விற்கும் ரப்பர் பந்து வேண்டாம். அதற்குள் மாவு தூவியிருக்க வாய்ப்புண்டு.

அறையைத் தயார்செய்வதில் கவனம் வையுங்கள். மின்விசிறியை அரைமணி நேரம் முன்பே நிறுத்திவிடுங்கள். நம் வீட்டு விசிறி இறக்கைகளில் எவ்வளவு அழுக்கு இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஜன்னலை மூடுங்கள். கட்டிலில், மெத்தையில், பஞ்சு பறக்கும் துணிகளுக்கு நடுவே செய்யாதீர்கள். மேசையை ஈரத்துணியால் துடைத்துவிட்டு உட்காருங்கள்.

பேட்டரி முழுதாக ஏறியிருக்க வேண்டும். டிஎஸ்எல்ஆர் என்றால் உள்ளே கண்ணாடியும் ஷட்டரும் மின்சாரத்தால்தான் திறந்தே நிற்கின்றன. இடையில் பேட்டரி தீர்ந்தால் இரண்டும் அறைந்து மூடும். ப்ளோயர் அதன் வழியில் இருந்தால் ஷட்டரின் மெல்லிய இதழ்கள் மடங்கிவிடும், ஷட்டரையே மாற்ற வேண்டி வரும்.

இனி வரிசைப்படி:

1. ப்ளோயரை வெறுங்காற்றில் ஏழெட்டு முறை அழுத்தி, மூக்கில் உள்ள தூசியை வெளியேற்றுங்கள்.

2. லென்ஸை மாட்டிய நிலையிலேயே மவுண்டைச் சுற்றி (லென்ஸ் கேமராவோடு பொருந்தும் வளையத்தைச் சுற்றி) வெளியே ஊதுங்கள். பிறகு கேமராவை அணைத்து லென்ஸைக் கழற்றுங்கள்.

3. கேமராவின் வாய் தரையைப் பார்க்கும்படி பிடியுங்கள். டிஎஸ்எல்ஆர் என்றால், கண்ணாடியை உயர்த்தும் முன் அந்த அறைக்குள் நான்கைந்து முறை ஊதிவிடுங்கள். இங்கே கிடக்கும் தூசிதான் நாளை சென்சாருக்குப் போகப்போகிறது. இதைச் செய்யாதவர்கள் வாரத்துக்கு ஒருமுறை சென்சாரை ஊதிக்கொண்டிருப்பார்கள்.

4. கேமராவை இயக்கி, மெனுவில் கையால் சுத்தம் செய்வதற்கான கட்டளையைக் கொடுங்கள். கண்ணாடி மேலேறும், ஷட்டர் திறக்கும். பல்ப் முறையில், அதாவது பொத்தானை அழுத்தியிருக்கும்வரை, ஷட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். விரல் நழுவினால் ஷட்டர் மூடிவிடும்.

5. வாய் கீழ்நோக்கியே இருக்க, ப்ளோயரைக் கீழிருந்து மேலாகப் பிடித்துப் பத்துப் பதினைந்து முறை வேகமாக ஊதுங்கள். மூக்கு மவுண்ட் வளையத்தைத் தாண்டி உள்ளே போகக் கூடாது. ஊதிய பின் சில விநாடிகள் அப்படியே பிடித்திருங்கள். கிளம்பிய தூசி கீழே விழட்டும்.

6. கேமராவை அணைத்து, கண்ணாடி இறங்கியதும் லென்ஸை மாட்டிச் சோதனைப் படம் எடுங்கள்.

ஒரு முறையில் போகாத புள்ளி இரண்டாவது, மூன்றாவது முறையில் போவது சாதாரணம். அடுத்த படிக்குத் தாவும் முன் பொறுமையாக இதையே திரும்பச் செய்யுங்கள்.

மிரர்லெஸ் கேமராவில் கண்ணாடி இல்லை. லென்ஸைக் கழற்றியதும் சென்சார் நேராகத் தெரியும். வேலை எளிது, தூசி ஏறுவதும் எளிது. கேனான் 2018-இல் இஓஎஸ் ஆர் மாடலில், கேமராவை அணைத்ததும் ஷட்டர் மூடிக்கொள்ளும்படி செய்தது. பின்னர் வேறு பல மாடல்களிலும் இது வந்தது. நிக்கான் இசட்9, இசட்8 இரண்டிலும் இயந்திர ஷட்டரே கிடையாது, அதற்குப் பதில் சென்சாரை மறைக்கும் தனிக் கவசம் இருக்கிறது. இத்தகைய கேமராவில் ஊதுவதற்கு முன் சென்சார் உண்மையிலேயே திறந்திருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். மூடிய ஷட்டர் திரையின்மீது பலமாக ஊதுவதும் விரலால் தொடுவதும் கூடாது. அது சென்சாரைவிட மென்மையானது.

உள்ளே போகக் கூடாதவை

வாயால் ஊதக் கூடாது. எச்சில் துளி காய்ந்தால் கறையாகும். கணினிக் கடைகளில் விற்கும் டப்பாக் காற்றில் இருப்பது திரவமாக்கப்பட்ட வாயு. சாய்த்துப் பிடித்தால் அந்தத் திரவமே பீய்ச்சியடித்து, கண்ணாடியில் உறைந்து படலமாகும். பைக் பட்டறைக் கம்ப்ரெஸர் காற்றில் எண்ணெயும் ஈரமும் கலந்திருக்கும்; அதன் அழுத்தமே ஷட்டரைக் கிழித்துவிடும். காது குடையும் பஞ்சுக்குச்சி நூலிழையை விட்டுவரும். லென்ஸ் துடைக்கும் துணியும் வேண்டாம். லென்ஸ் துடைக்கும் திரவமும் வேண்டாம். மருந்துக்கடை ஸ்பிரிட்டில் தண்ணீரும் வேறு சேர்மங்களும் இருப்பதால் காய்ந்தபின் திட்டுத் திட்டாகக் கறை நிற்கும்.

மூன்றாம் படி: ஒட்டியெடுக்கும் ஜெல் குச்சி

உலர்ந்த துகள்தான், ஆனால் காற்றுக்கு அசையவில்லை என்றால் ஜெல் குச்சி உதவும். குச்சியின் நுனியில் பசைத்தன்மையுள்ள சிறு ஜெல் கட்டி இருக்கும். புள்ளி இருக்கும் இடத்தில் மெல்ல வைத்து நேராக மேலே தூக்க வேண்டும். இழுக்கக் கூடாது, தேய்க்கக் கூடாது. ஒவ்வொரு முறை ஒற்றியபின்னும் அதோடு வரும் ஒட்டுத்தாளில் ஜெல்லை ஒற்றிச் சுத்தம் செய்த பிறகே மறுபடி உள்ளே கொண்டுபோக வேண்டும். எண்ணெய்க் கறைக்கு இது உதவாது.

இதில் நான் கண்டிப்பாக இருப்பது தரத்தில். இணையத்தில் மலிவு விலைக்குக் கிடைக்கும் போலி ஜெல்கள் பசையை அப்படியே கண்ணாடியில் விட்டுவிடும். பிறகு அதைத் துடைத்தெடுப்பது தூசியை எடுப்பதைவிடப் பல மடங்கு சிரமம். நம்பகமான கேமராக் கடையில் வாங்குங்கள், அல்லது இந்தப் படியை விட்டுவிடுங்கள்.

சென்சாரே அசைந்து நடுக்கத்தைக் குறைக்கும் வகைக் கேமராக்களில், சென்சார் காந்த விசையில் மிதந்துகொண்டிருக்கும். ஜெல்லைப் பிடுங்கி எடுப்பதுபோல் தூக்காதீர்கள். மெதுவாக, ஒரு ஓரத்திலிருந்து விடுவியுங்கள்.

தூரிகைகளும் விற்கிறார்கள். நான் அவற்றைப் பரிந்துரைப்பதில்லை. சென்சாரைச் சுற்றியுள்ள பகுதிகளில் மசகு எண்ணெய் இருக்கும். தூரிகையின் ஒரு மயிர் அங்கே பட்டுவிட்டால், தூசி இருந்த இடத்தில் எண்ணெயைப் பூசிவிட்டு வரும்.

நான்காம் படி: ஈரத் துடைப்பு

ஊதியும் போகாத புள்ளிகள், வளையம்போல் விளிம்பு கறுத்து நடு வெளுத்துத் தெரியும் எண்ணெய்த் துளிகள், காய்ந்த நீர்க்கறை ஆகியவற்றுக்குத்தான் இந்த முறை. எண்ணெய் வெளியிலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை. நிக்கான் 2012-இல் வெளியிட்ட டி600 இதற்கு எல்லோரும் அறிந்த உதாரணம். புதுக் கேமராவிலேயே, பெரும்பாலும் படத்தின் மேல் இடது பகுதியில் புள்ளிகள் குவிந்தன. 2014-இல் அந்நிறுவனம், உத்தரவாதக் காலம் முடிந்திருந்தாலும் இலவசமாகச் சோதித்துச் சுத்தம் செய்து ஷட்டரையும் மாற்றித் தருவதாக அறிவித்தது. புதுக் கேமராவில் துடைத்த சில நாள்களிலேயே எண்ணெய்ப் புள்ளிகள் திரும்பத் திரும்ப வந்தால், நீங்கள் துடைத்துக்கொண்டிருக்காமல் சேவை மையத்துக்குக் கொண்டுபோங்கள்.

வாங்க வேண்டியவை இரண்டு. ஒன்று, சென்சாரின் உயரத்துக்குப் பொருந்தும் ஸ்வாப், அதாவது நுனியில் மென்துணி சுற்றிய தட்டையான துடைப்புக் குச்சி. முழு ஃபிரேம் சென்சார் 36-க்கு 24 மில்லிமீட்டர், அதற்கு 24 மில்லிமீட்டர் அகல ஸ்வாப். ஏபிஎஸ்-சி சென்சாருக்கு 16 மில்லிமீட்டர். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் சென்சார் உயரம் 13 மில்லிமீட்டர்தான். அதற்கென்று தனி அளவு கிடைக்கிறது. தனித்தனியாக உறையிட்டு மூடியவையாகப் பார்த்து வாங்குங்கள். இரண்டு, சென்சாருக்கென்றே செய்த திரவம். இவற்றில் பல மெத்தனால் சேர்ந்தவை: எளிதில் தீப்பற்றும், உடலுக்கு நஞ்சு. குழந்தைகள் எட்டாத இடத்தில் வையுங்கள். விளக்கோ ஊதுவத்தியோ எரியும் அறையில் திறக்காதீர்கள். விமானப் பயணத்தில் கொண்டுபோகாதீர்கள்.

துடைப்பதற்கு முன் ப்ளோயரால் ஊதியே தீர வேண்டும். மணல் துகள் ஒன்று கண்ணாடியில் இருக்க, அதன்மேல் ஸ்வாப்பை இழுத்தால் துகள் கண்ணாடியைக் கீறிக்கொண்டே போகும். ஈரத் துடைப்பில் நேரும் சேதங்கள் பலவற்றுக்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

1. கேமராவை இப்போது வாய் மேல்நோக்கி இருக்கும்படி மேசையில் அசையாமல் வையுங்கள். முன்புபோலவே மெனுவில் கையால் சுத்தம் செய்யும் கட்டளையைக் கொடுத்துத் திறந்துகொள்ளுங்கள்.

2. ஸ்வாப்பின் விளிம்பில் இரண்டு சொட்டுத் திரவம் விடுங்கள். மூன்றாவது சொட்டு வேண்டாம். சில விநாடிகள் ஊறட்டும். அதிகமானால் கோடு கோடாகக் காயும், ஓரங்களில் வழிந்து உள்ளே போகும். திரவத்தை ஒருபோதும் நேராகச் சென்சார்மீது விடாதீர்கள்.

3. சென்சாரின் ஒரு பக்க ஓரத்தில் ஸ்வாப்பை வைத்து, போகும் திசையில் சற்றுச் சாய்த்து, மறு ஓரம்வரை எடுக்காமல் ஒரே சீராக இழுங்கள். ஸ்வாப்பின் நுனி லேசாக வளையும் அளவு அழுத்தம் போதும்.

4. மறு ஓரத்தில் தூக்கி, ஸ்வாப்பின் மறுபக்கத்தை வைத்துத் திரும்ப இழுங்கள். இத்துடன் அந்த ஸ்வாப்பின் வேலை முடிந்தது. குப்பையில் போடுங்கள். விலையைப் பார்த்து இன்னொரு முறை இழுக்க மனம் சொல்லும். அந்த முனையில் இப்போது தூசி ஒட்டியிருக்கிறது.

5. ஒரு நிமிடம் காயவிட்டு மூடி, சோதனைப் படம் எடுங்கள்.

முதல் துடைப்பில் புள்ளிகள் ஓரத்துக்கு ஒதுங்கியிருந்தால், புது ஸ்வாப்போடு இன்னொரு முறை. மூன்று ஸ்வாப்புக்குப் பிறகும் ஒரு புள்ளி அப்படியே நின்றால் அது நீங்கள் எடுக்கக்கூடியது அல்ல. ஃபில்டர் அடுக்குக்கு உள்ளே சிக்கிய துகளாகவோ, பூச்சில் விழுந்த கீறலாகவோ இருக்கலாம். அங்கே நிறுத்துங்கள்.

மழைக்காலத்தில், குறிப்பாக ஐப்பசி கார்த்திகையில், கடலோர ஊர்களில் காற்றிலேயே ஈரம் மிகுந்திருக்கும். திரவம் மெதுவாகக் காய்ந்து படலம் விடும். ஏசி அறையில் செய்தால் நல்ல பலன் கிடைக்கும். ஆனால் துடைத்து முடித்ததும் குளிர்ந்த கேமராவை வெளியே எடுத்துப்போய் லென்ஸைக் கழற்றாதீர்கள். வெளிக்காற்றின் ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் பனித்துப் படிந்து, காய்ந்ததும் புதிய கறையாகிவிடும். விடுதி அறையிலிருந்து அதிகாலையில் கிளம்பும்போதும் இதே எச்சரிக்கை: கேமராவை இறுக மூடிய பிளாஸ்டிக் பையில் போட்டு, வெளி வெப்பத்துக்கு வந்தபின் எடுங்கள்.

நம் ஊர்த் தூசிகள்

தூசி எல்லா இடத்திலும் ஒன்றல்ல. தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத் தேரிக்காட்டுச் செம்மணல் மிக நுண்மையானது; காற்றடித்தால் பையின் ஜிப் இடுக்கு வழியாகவும் புகும். அங்கே லென்ஸ் மாற்றவே கூடாது. ஒரே ஜூம் லென்ஸோடு போங்கள், அல்லது இரண்டு கேமராக்களில் இரண்டு லென்ஸ்கள். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அந்த மாதத்தில் மணற்பாங்கான ஊர்கள் அனைத்துக்கும் இதே விதிதான்.

கோயில் திருவிழாவில் நிலைமை வேறு. விபூதியும் குங்குமமும் காற்றில் பறக்கும், கற்பூரப் புகையும் எண்ணெய் விளக்குப் புகையும் பிசுபிசுப்பான கரியாகப் படியும். இந்தக் கரியோடு சேர்ந்த தூசி ஊதினால் போகாது. மதுரையில் அழகர் ஆற்றில் இறங்கும்போது, தோல் துருத்தியால் பீய்ச்சும் தண்ணீர் கூட்டத்தின் மேலெல்லாம் தெறிக்கும். அங்கே கேமராவுக்கு மழை உறை போட்டுக்கொள்வதே சரி. கடற்கரையில் உப்பு. கேமராவின் வெளிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்துக் காயவைத்த பிறகே லென்ஸைக் கழற்றுங்கள்.

லென்ஸ் மாற்றும்போது கேமராவை அணைத்து, காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து மாற்றுங்கள். மாட்டப்போகும் லென்ஸின் பின்மூடியை முன்கூட்டியே தளர்த்தி வைத்தால் வேலை சில விநாடிகளில் முடியும். அந்த லென்ஸின் பின்கண்ணாடியைச் சுற்றி ஒருமுறை ஊதுங்கள். தூசி அதில் உட்கார்ந்துதான் கேமராவுக்குள் வருகிறது. கழற்றிய கேமரா மூடியையும் லென்ஸின் பின்மூடியையும் சட்டைப்பையில் தனித்தனியாகப் போடாமல் ஒன்றோடொன்று மாட்டி வையுங்கள். சட்டைப்பையில் பஞ்சு இருக்கும்.

கேமராப் பையை யாரும் நினைப்பதில்லை. எல்லாவற்றையும் வெளியே எடுத்து, தடுப்புகளைப் பிரித்து, வேக்குவம் கிளீனரால் உறிஞ்சிவிடுங்கள். அதுபோல, சிலிக்கா ஜெல் பொட்டலங்களை வெறுமனே கேமராவோடு உரசும்படி போடாதீர்கள். பொட்டலம் கிழிந்தால் துகள்கள் சிந்தும். பூஞ்சைக்குப் பயந்தால் 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதத்தில் வைத்திருக்கும் மின்சார உலர்பெட்டி நல்ல முதலீடு.

எடுத்துவிட்ட படங்களில் புள்ளி இருந்தால்

தூசி ஒரே இடத்தில் நிற்பதால் ஒரு வசதி: ஒரு படத்தில் புள்ளிகளை ஹீலிங் கருவியால் நீக்கிவிட்டு, அந்தத் திருத்தத்தை அதே நேரத்தில் எடுத்த மற்றப் படங்களுக்கும் நகலெடுக்கலாம். வானம் வரும் படங்களில் இது நன்றாக வேலை செய்யும். முகமோ கட்டடமோ அந்த இடத்தில் வந்தால் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். கேனானில் டஸ்ட் டெலீட் டேட்டா என்றும் நிக்கானில் இமேஜ் டஸ்ட் ஆஃப் என்றும் மெனுவில் இருப்பவை, தூசியின் வரைபடத்தைப் பதிவுசெய்து அந்தந்த நிறுவன மென்பொருளில் தானாக நீக்க உதவுபவை.

காணொளிக்கு இந்தச் சலுகை கிடையாது. கேமரா நகர, காட்சி நகர, புள்ளி மட்டும் திரையில் அசையாமல் நிற்கும். திருமணக் காணொளி எடுப்பவர்கள் முந்தைய இரவே சோதனைப் படம் எடுத்துப் பார்த்துவிடுங்கள். வெயிலில் எஃப்/16-க்குப் போவதைவிட, லென்ஸின் முன் ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டர் போட்டு எஃப்/4-இல் எடுத்தால் பாதிப் புள்ளிகள் தெரியவே தெரியாது.

சேவை மையத்துக்குப் போகும்போது

லென்ஸ் கழற்ற முடியாத கையடக்கக் கேமராக்களில் சென்சாருக்குத் தூசி போனால் வீட்டில் எதுவும் செய்ய இயலாது. திருகுகளைக் கழற்றிப் பார்க்கும் எண்ணம் வேண்டாம், ஃபிளாஷ் மின்தேக்கியில் மிச்சமிருக்கும் மின்சாரம் ஆளையே தூக்கிவீசும். கீறல், திரும்பத் திரும்ப வரும் எண்ணெய், ஃபில்டருக்கு உள்ளே சிக்கிய துகள், பூஞ்சை ஆகிய எல்லாமே அவர்கள் வேலைதான்.

கேமராவை மூடி போட்டு, லென்ஸ், மெமரி கார்டு, பட்டை எதுவும் இல்லாமல் கொடுங்கள். எஃப்/16 சோதனைப் படத்தை அச்சிட்டோ அலைபேசியிலோ காட்டி, எந்தப் புள்ளி போக வேண்டும் என்று ரசீதில் எழுதச் சொல்லுங்கள். திரும்ப வாங்கும்போது அங்கேயே உங்கள் லென்ஸை மாட்டி, சுவரையோ வெள்ளைத் தாளையோ எஃப்/16-இல் எடுத்து, பின்திரையில் பெரிதாக்கி ஓரங்கள்வரை நகர்த்திப் பாருங்கள். புதிதாக ஒரு கோடோ இழையோ தெரிந்தால், கையெழுத்திடும் முன்பே காட்டிவிடுங்கள்.